கோணல் தையலுக்கு ஏற்ற பொம்மை

குழந்தைகளோடு உட்கார்ந்து பொம்மை தைக்கிறோம் என்று ஆரம்பித்தால் பாதிக்கு மேல் பெரியவர்கள்தான் தைத்து முடிக்கிறார்கள். குழந்தை நாலு தையல் போடும். அடுத்த தையலில் நூல் சிக்கும். ‘இதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க’ என்று நீட்டும். சிக்கை எடுத்த கையோடு அந்தப் பக்கம் முழுவதையும் தைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். குழந்தை போட்ட கோணல் தையலையும் நைசாகப் பிரித்துச் சீராக்கியிருப்போம். பொம்மை அழகாக வரும். குழந்தை அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடும்.

என் மகளோடும் அண்ணன் மகனோடும் விடுமுறைகளில் தைத்துப் பழகியதில் எனக்கென்று ஒரு கட்சி உருவாகிவிட்டது. குழந்தையின் தையலில் கை வைக்கக் கூடாது. கை வைப்பதானால் அதற்கு முன்பே, துணியிலும் வடிவத்திலும் நூலிலும் வைத்துக்கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தாவல் தாவுகிற தையல், கோட்டை விட்டு விலகி நடக்கிற தையல், ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொங்குகிற தையல், இத்தனையும் போட்ட பிறகும் பிரியாமல் நிற்கிற பொம்மை எது என்று யோசித்துத் தேர்ந்தெடுப்பதுதான் பெரியவர் வேலை. அதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சொல்வது எளிது, உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்.

முதலில் துணி. பொம்மை என்றதும் பழைய பருத்திச் சட்டையை வெட்டத் தோன்றும். நெய்த துணியில் பாவும் ஊடும், அதாவது நீளவாக்கு நூலும் குறுக்குவாக்கு நூலும், இருக்கின்றன. வெட்டிய ஓரம் பிசிறடிக்கும். அதை மறைக்க உள்பக்கமாகத் தைத்துப் புரட்ட வேண்டும். புரட்டுவதற்கு ஓரம் விட வேண்டும், வளைவுகளில் தையல் வரை சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவு சுருங்கி இழுக்கும். அப்புறம் அரும்பாடுபட்டுத் தைத்த முயலின் காதை விரல் நுழையாத துளை வழியாக வெளியே இழுக்க வேண்டும். குழந்தையின் நீளத் தையல் இந்த இழுப்புக்குத் தாங்காது. புரட்டுகிறபோதே ‘டப்’ என்று நூல் விடும். அழுகை வருவதும் இங்கேதான்.

ஃபெல்ட் துணியில் இந்தத் தொல்லையே இல்லை. அது நெய்தது கிடையாது. கம்பளி இழைகளை ஈரத்திலும் சூட்டிலும் தேய்த்து அழுத்தியோ, செயற்கை இழைகளை முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தியோ ஒன்றோடொன்று பிணைத்துச் செய்வது. நூலே இல்லாத துணியில் பிசிறு எங்கிருந்து வரும்? வெட்டிய ஓரம் வெட்டியபடியே நிற்கும். வெளிப்பக்கமாகவே தைக்கலாம், தைக்கத் தைக்கப் பஞ்சு அடைக்கலாம், அப்படியே மூடிவிடலாம். தைத்த நூல் வெளியே தெரியும். தெரியட்டும், அதைப் போட்ட ஆள் அதைத்தான் முதலில் எல்லோருக்கும் காட்டப்போகிறார். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் இழை விலகி வெளிச்சம் தெரிகிற மெல்லிய ஃபெல்ட் வேண்டாம். ஓரத்துக்குப் பக்கத்தில் தையல் விழுந்தால் அது கிழிந்துகொண்டு வந்துவிடும்.

துணி அடைத்த பொம்மை ஒரு தொழிலாக வளர்ந்த கதையிலும் ஃபெல்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் 1847 இல் பிறந்த மார்கரெட் ஷ்டைஃபுக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்து கால்கள் செயலிழந்தன. வலது கையையும் சிரமப்பட்டுத்தான் அசைக்க முடியும். தையல் கற்று, ஃபெல்ட்டில் உடைகள் தைத்து விற்றுவந்தார். 1880 இல், ஒரு பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, ஊசி குத்திவைக்கும் திண்டாக ஒரு சின்ன ஃபெல்ட் யானையைத் தைத்தார். பெரியவர்கள் ஊசி குத்திவைப்பதற்காகத்தான் அதைச் செய்தார். குழந்தைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய் விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். அவருடைய நிறுவனத்தின் பொம்மை வரலாறே அந்த யானையிலிருந்துதான் தொடங்குகிறது. 1902 இல் அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட் வடிவமைத்த, கைகால் அசைகிற கரடியெல்லாம் பின்னால் வந்தவை.

ஃபெல்ட் கிடைக்காவிட்டால் சாக்ஸ். ஒற்றையாகிப்போன சாக்ஸ் எல்லா வீட்டிலும் இருக்கும். அது பிறவியிலேயே ஒரு குழாய். ஒரு நுனி மூடியிருக்கிறது, குதிகாலில் வளைவு இருக்கிறது. பஞ்சை அடைத்து, திறந்த வாயைக் கட்டி, நடுவில் ஒரு நூலைச் சுற்றி இறுக்கினால் தலையும் உடம்பும் பிரிந்துவிடும். தையல் என்று பார்த்தால் முகம் மட்டும்தான். பொறுமை குறைந்த பிள்ளைகளுக்கு இதுவே முதல் பொம்மை. அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரத்து ஆலை ஒன்று 1932 இல், வேலைக்குப் போகிறவர்கள் போடும் சாக்ஸின் குதிகாலைத் தன் அடையாளமாகச் சிவப்பில் பின்ன ஆரம்பித்தது. அந்தச் சிவப்புக் குதிகாலை உதடாக வைத்து வீடுகளில் குரங்குப் பொம்மை தைத்தார்கள். நாளடைவில் அந்த ஆலையே சாக்ஸோடு குரங்கு தைக்கும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தது.

அடுத்தது வடிவம். பெரியவர்களுக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

குழந்தை வரைகிற மிருகங்களுக்குக் கால் எப்போதும் குச்சிக்கால். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். துணியில் வெட்டினால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 செ.மீ. அகலத்தில் காலை இரண்டு துண்டாக வெட்டி, இரு ஓரத்திலும் அரை சென்டிமீட்டர் விட்டுத் தைத்தால் நடுவில் மிச்சம் 3 செ.மீ. பஞ்சு அடைத்ததும் தட்டையாக இருந்தது உருளையாகிவிடும். சுற்றளவு 6 செ.மீ., ஆகவே குறுக்களவு 2 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தாளில் வரைந்த கால் பாதியாகிப்போனது. தாளிலேயே 2 செ.மீ. என்றால் கடைசியில் கிடைப்பது 6 மில்லிமீட்டர். அதற்குள் பஞ்சை நுழைக்க எந்தக் குழந்தையாலும் முடியாது, என்னாலும் முடியாது. வட்டத்திலும் இப்படித்தான். இரண்டு வட்டத் துண்டுகளை ஓரம் சேர்த்து உப்பவைத்தால் குறுக்களவு முக்கால் பங்காகக் குறையும். இழுபடாத தாளில் செய்யும் பலூனுக்கு இது 0.76 பங்கு என்று கணிதத்தில் கணக்கே இருக்கிறது. துணி கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும் என்றாலும் ஏறத்தாழ அதே சுருக்கம்தான். ஓரத்தில் விழுகிற சுருக்கங்களுக்கும் அதுதான் காரணம், தைத்த கை இல்லை.

அதற்காகக் குழந்தை வரைந்ததை மாற்றச் சொல்ல மாட்டேன். ‘இதுக்கு ஒரு குண்டு ஸ்வெட்டர் போட்டுவிடு’ என்பேன். படத்தைச் சுற்றி, எல்லாப் பக்கமும் ஒரு விரற்கடை தள்ளி, இன்னொரு கோடு போடச் சொல்வேன். அந்த வெளிக்கோட்டில்தான் வெட்டுவது. கால் விரல், மீசை, வால் என்று எது மெலிதோ அதை அடைக்க வேண்டாம். ஃபெல்ட் பட்டையாகவோ கம்பளி நூல் பின்னலாகவோ இரண்டு துண்டுக்கும் நடுவில் செருகி, சுற்றுத் தையலோடு சேர்த்துப் பிடித்துவிடலாம். என் மகள் முதலில் தைத்தது ஒரு மீன் என்று நாங்கள் நினைத்தோம். அது மேகம் என்று பிற்பாடு தெரிந்தது. கழுத்தும் காலும் இல்லாத இப்படிப்பட்ட ஜீவன்கள்தான் ஆரம்பத்துக்கு உத்தமம்: மீன், மேகம், முட்டை, பேய். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். பெரிய கரடி என்று ஆசைப்பட்டால் சுற்றளவு நீண்டுகொண்டே போகும், பாதியிலேயே சலித்துவிடும்.

ஊசி விஷயத்தில் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகாது. குழந்தை என்றால் மழுங்கல் ஊசி என்பார்கள். சாக்குத் துணி மாதிரி இடைவெளி விட்டு நெய்ததில் அது சரி. ஃபெல்ட்டில் அது இறங்காது. குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தும், திடீரென்று ஊசி அந்தப் பக்கம் போகும், அங்கே பிடித்திருக்கும் விரலில் ஏறும். காது பெரிதாக, நுனி கூராக, தடிமனாக இருக்கிற ஊசிதான் நல்லது. அது அழுத்தாமலே இறங்குகிறது. ஆறு ஏழு வயதில் இதைத் தாராளமாகக் கையாளலாம். நாலு ஐந்து வயதுக்கு, ஓரம் முழுக்க நாமே தடித்த ஊசியால் துளையிட்டுக் கொடுத்தால் மழுங்கல் ஊசியாலும் கோத்துக்கொண்டே போவார்கள்.

நூல், எம்பிராய்டரி நூல். தையல் மெஷின் நூல் மெல்லிசு, முறுக்கிக்கொள்ளும், குழந்தை இழுக்கிற இழுப்பில் அறுந்தும் போகும். நீளம் எவ்வளவு என்பதற்கு ஸ்கேல் தேவையில்லை, அந்தக் குழந்தையின் கைநீளம்தான் கணக்கு. அதைவிட நீண்டால் ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து நின்று இழுக்க வேண்டியிருக்கும், சிக்கும் விழும். ஊசியின் காதிலிருந்து நூல் நழுவிக்கொண்டே இருந்தால் இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு இரட்டை நூலாக்கிவிடுங்கள். தப்பான இடத்தில் குத்தினால் பின்வாங்குவது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை நூல் கோக்கும் வேலை மிச்சம்.

இனித் தையல். குத்தி மேலே, குத்திக் கீழே என்று போகும் சாதாரண ஓட்டுத் தையல் போதும். கெட்டித் தையல் உறுதியானதுதான். ஒரு அடி பின்னால் போய் இரண்டு அடி முன்னால் வர வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகளின் கை ஏற்றுக்கொள்ள நாளாகும். ஓட்டுத் தையலின் குறை, தையலுக்குத் தையல் இடைவெளி விழுவது. குழந்தை போட்டால் அந்த இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும். இதற்கு வழி, ஒரு சுற்று முடிந்ததும் வேறு நிற நூலைக் கோத்துக் கொடுத்து, ‘இப்ப விட்டுப்போன இடத்துல எல்லாம் போடு’ என்பது. முதல் சுற்று நீலம், இரண்டாவது சுற்று சிவப்பு. நீலம் மேலே வராத இடத்திலெல்லாம் சிவப்பு வந்து உட்காரும். இடைவெளி அடைந்துவிடும், தையலும் இரண்டு மடங்கு உறுதியாகிவிடும். பார்க்கிறவர்கள் இதை வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்பார்கள். பிள்ளைகளும் ஆமாம் என்பார்கள்.

அண்ணன் மகனுக்கு இந்த ஓட்டுத் தையல் பிடிபடவே இல்லை. கீழிருந்து மேலே வந்த ஊசியைத் துணிக்குள் திருப்பிக் குத்தாமல், ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கீழிருந்தே குத்துவான். ‘அத்தை, நூல் வெளியே சுத்திக்கிட்டுப் போகுது பாருங்க’ என்று அவனே கவலைப்பட்டான். நிறையக் குழந்தைகளுக்கு இப்படி ஆகும். பதறிப் பிரிக்கத் தேவையில்லை. அது ஓரத்தை வளைத்துப் பிடிக்கிற இன்னொரு நல்ல தையல். தையற்காரர்களும் அப்படித் தைப்பதுண்டு. ‘அப்படியே கடைசி வரைக்கும் சுத்திக்கிட்டே போ’ என்று விட்டுவிட்டேன். அவன் கரடிக்குச் சுற்றிலும் பல் முளைத்தது, பஞ்சும் எங்கேயும் வரவில்லை. இடதுகைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சின்ன ஏற்பாடு: பக்கத்தில் உட்கார்ந்து காட்டாமல் எதிரில் உட்கார்ந்து காட்டினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

பஞ்சு அடைப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த கட்டம். பஞ்சுப் பொதியைத் திறந்த கையோடு தலையில் வைத்துத் தாடி ஒட்டி விளையாடி முடிக்கக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு எல்லோரும் செய்வது, ஒரு கைப்பிடியை எடுத்து அப்படியே திணிப்பது. அது துளைக்குப் பக்கத்தில் உருண்டையாக நின்றுவிடும், காதும் காலும் காலியாகத் தொங்கும். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து, நெல்லிக்காய் அளவுக்கு எடுத்து, துளைக்குத் தூரமான மூலையிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். தள்ளுவதற்குப் பென்சிலின் மழுங்கிய பக்கம். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் போகும். நாலு நாள் கட்டிப்பிடித்துத் தூங்கியதும் பஞ்சு அமுங்கிவிடும்.

பாலியஸ்டர் பஞ்சு துவைத்தாலும் பழைய நிலைக்கு வரும். பருத்திப் பஞ்சு கட்டிகட்டியாகத் திரளும், காயவும் நேரமாகும். இலவம்பஞ்சு வழவழவென்று இருக்கும், ஆனால் அறை முழுக்கப் பறக்கும். மூக்கிலும் ஏறும் என்பதால் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒன்றும் இல்லையா, பழைய துணியைத் துண்டு துண்டாக நறுக்கி அடையுங்கள். கனமாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும், அவ்வளவுதான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், எகிப்து ரோமானியர் ஆட்சியில் இருந்த காலத்துத் துணிப் பொம்மை ஒன்று இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் செய்தது என்கிறார்கள். முரட்டு லினன் துணி, உள்ளே கந்தலும் பாப்பிரஸ் என்கிற நாணல் தாளின் துண்டுகளும். கைக்குக் கிடைத்ததைத் திணித்திருக்கிறார்கள், அதுவே இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது.

உள்ளே வேறு என்ன வைக்கலாம் என்பதில் பிள்ளைகளின் மூளை நம்மைவிட வேகமாக ஓடும். அண்ணன் மகனுக்கு அப்போது பள்ளியில் உடல் உறுப்புகள் பாடம் நடந்துகொண்டிருந்தது. கரடிக்குப் பஞ்சு மட்டும் போதாது என்று சொல்லிவிட்டான். சிவப்பு ஃபெல்ட்டில் இதயம் ஒன்று வெட்டினான். பிறகு கம்பளி நூலை நீட்டிக்கொண்டே போய், சிறுகுடல் பெரியவர்களுக்கு ஆறு மீட்டருக்கு மேல் இருக்கும், கரடிக்கு எத்தனை என்று கேட்டான். உனக்கு எத்தனை தோன்றுகிறதோ அத்தனை என்றேன். அவன் அதை விரலில் சுற்றி, வயிற்றுக்குள் வைத்து, மேலே பஞ்சைப் போட்டு மூடினான். இனி யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பஞ்சு அடைத்து மூடுவதற்கு முன்பே முகத்தைத் தைத்துவிடுவது நல்லது. அடைத்த பிறகு ஊசி எங்கே நுழைந்து எங்கே வருகிறது என்று தெரியாது. கண்ணைத் தைப்பதற்குள் இரண்டு சின்னக் காகித வட்டங்களை வெட்டி முகத்தில் நகர்த்தி நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியில் ஏற்றி வைத்தால் கிழட்டு முகம், ஒட்டி வைத்தால் திருட்டு முகம், முகத்தின் பாதிக்குக் கீழே இறக்கி அகட்டி வைத்தால் கைக்குழந்தை முகம். பெரிய நெற்றியும் கீழே இறங்கிய பெரிய கண்ணும் பார்த்ததும் நமக்குக் கொஞ்சத் தோன்றுவதைப் பற்றி ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943 இலேயே எழுதியிருக்கிறார். பொம்மை செய்கிறவர்கள் அதைக் கையால் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். என் மகள் மூன்றையும் பார்த்துவிட்டுத் திருட்டு முகத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவள் மேகம், அவள் இஷ்டம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பொம்மை மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்குப் போகும் என்றால் பட்டன் கண், மணி, சலங்கை எதுவும் கிடையாது. கண்ணை நூலாலேயே தைத்துவிட வேண்டும். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் பட்டன் ஒருநாள் கழன்று வாய்க்குப் போகும். பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு சிறு உருளையை வைத்திருப்பார்கள்; அதற்குள் முழுதாக அடங்குகிற எந்தத் துண்டும் அந்த வயதுக்கு ஆகாது. சட்டைப் பட்டன் எல்லாமே அதில் அடங்கும். ஒரு வயது வரையிலான குழந்தை தூங்குகிற இடத்தில் பஞ்சுப் பொம்மையே வைக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், மூச்சு அடைக்கும் என்பதால். தம்பிப் பாப்பாவுக்குத் தைத்துக் கொடுக்கிற அக்காக்களிடம் இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. அப்புறம் ஊசி: எடுக்கும்போது எண்ணி எடுத்து, முடித்ததும் எண்ணி வையுங்கள். துண்டுகளைப் பிடித்துவைக்கக் குண்டூசிக்குப் பதில் துணிக் கிளிப் போதும். கணக்கில் ஒன்று குறைந்தால் பொம்மைமேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்.

துவைப்பது பற்றி இரண்டு வார்த்தை. குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் காயவிட வேண்டும். கம்பளி ஃபெல்ட்டைச் சுடுநீரில் போட்டால் சுருங்கிவிடும். ஆனால் கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மையை அடிக்கடி துவைக்காதீர்கள். குழந்தைகள் ஒட்டிக்கொள்ளும் இப்படிப்பட்ட பொருள்களைப் பற்றி 1951 இல் பேசிய ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், அழுக்கும் வாடையும் ஏறினாலும் தாய் அதைத் துவைக்காமல் விட்டுவைப்பதைக் கவனித்திருக்கிறார். துவைத்தால் அந்தப் பொருளோடு குழந்தைக்கு இருந்த தொடர்ச்சி அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார்.

எப்படித் தைத்தாலும் ஒருநாள் தையல் விடும், பெரும்பாலும் அக்குளிலோ கழுத்திலோ. அண்ணன் மகனின் கரடிக்கு அக்குளில் விட்டது. எடுத்துக்கொண்டு வந்தவன், ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவி, கம்பளி நூலின் ஒரு நுனியை வெளியே இழுத்துப் பார்த்து, குடல் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதைத் திரும்ப உள்ளே தள்ளினான். ‘நான் தைச்சுக் குடுக்கட்டுமா?’ என்றேன். வேண்டாம், ஊசியில் நூலை மட்டும் கோத்துக் கொடுங்கள் அத்தை என்றான். கரடியின் நிறத்திலேயே நூலைத் தேடி எடுத்தேன். அது வேண்டாமாம். சிவப்புதான் வேண்டுமாம், ஆபரேஷன் செய்த இடம் தெரிய வேண்டுமாம்.